பழைய ஜின் வாங்கலாமா? கார்டன்ஸ், பூத்ஸ், இன்றைய பாட்டில்: ஓர் ஒப்பீடு

ஐம்பது வருடம் திறக்காமல் கிடந்த லண்டன் ட்ரை ஜின் (வடிக்கும்போதே மணமேற்றிய, இனிப்பில்லாத வறண்ட ஜின்) எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசை. ஆனால் ஒரே ஒரு பாட்டிலுக்குத்தான் பணம் ஒதுக்க முடியும். இந்த நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிரிட்டன், இத்தாலி ஏலங்களில் இந்தப் பழைய பாட்டில்கள் தொடர்ந்து வருகின்றன. லண்டனின் சில பழைய ஹோட்டல் பார்களில் ஒரு பெக்காகவும் ஊற்றித் தருகிறார்கள். எல்லாமே "விண்டேஜ் ஜின்" என்ற ஒரே பெயரில் விற்கின்றன, ஆனால் ஒன்றுக்கொன்று ரொம்பவே வேறுபட்டவை. சிலவற்றுக்குக் கொடுக்கும் பணம் தகும், சிலவற்றுக்குத் தகாது.

என் கணக்கில் தேர்வுகள் நான்கு. 1970களில் பிரிட்டிஷ் கடைகளில் விற்ற பச்சை பாட்டில் கார்டன்ஸ் ஒன்று. அதே காலத்தில் வெளிநாடுகளுக்குப் போன, நிறமில்லாக் கண்ணாடியும் மஞ்சள் லேபிளும் கொண்ட ஏற்றுமதி கார்டன்ஸ் இன்னொன்று. மூன்றாவது, மரப்பீப்பாயில் வைத்திருந்து எடுத்த பூத்ஸ் ஃபைனஸ்ட். நான்காவது, பழையதே வேண்டாம் என்று, வீரியம் (ஆல்கஹால் அளவு) கூடிய இன்றைய பாட்டில் ஒன்றை வாங்குவது. இந்த நான்காவதை அலட்சியம் செய்ய வேண்டாம். பலருக்கு அதுதான் சரியான விடை.

முதலில் கார்டன்ஸ். அலெக்சாண்டர் கார்டன் 1769-ல் லண்டனின் சதக்கில் தொடங்கிய நிறுவனம் இது. 1786-ல் கிளார்க்கன்வெல்லுக்கு மாறியது. 1898-ல் டாங்கரே என்ற இன்னொரு லண்டன் ஜின் நிறுவனத்துடன் சேர்ந்தது. அப்புறம் கோஸ்வெல் ரோட்டிலேயே நெடுங்காலம் காய்ச்சினார்கள். 1984-ல் எசெக்ஸின் லெயிண்டனுக்கும், 1998-ல் ஸ்காட்லாந்தின் கேமரன்பிரிட்ஜுக்கும் போய்விட்டார்கள். ஆகவே 1970களின் பிரிட்டிஷ் கார்டன்ஸ் பாட்டில் உண்மையாகவே லண்டன் நகரத்துக்குள் காய்ச்சியது. "லண்டன் ட்ரை" என்பது செய்முறையின் பெயர்தான், ஊரைக் கட்டுப்படுத்தும் பெயர் அல்ல. அந்த வகை ஜின்னை எந்த நாட்டிலும் காய்ச்சலாம். ஆனாலும் அந்தத் தெருவில் வடித்தது என்ற எண்ணம் எனக்கு முக்கியமாகத்தான் படுகிறது.

அன்றைய பிரிட்டிஷ் வீரியம் 70 புரூஃப் (ஆல்கஹாலைக் குறிக்கும் பழைய பிரிட்டிஷ் அளவு), அதாவது 40 சதவீதம். 1992-ல் அதை 37.5 சதவீதமாகக் குறைத்தார்கள். ஐரோப்பியச் சட்டப்படி ஜின் என்று பெயர் வைக்க வேண்டிய குறைந்தபட்ச அளவு அது. ஆல்கஹால் குறைந்தால் வரியும் குறையும். இரண்டரை சதவீதம்தானே என்று தோன்றலாம். வாயில் அது அற்ப வித்தியாசம் இல்லை. ஜின்னின் மணம் முழுவதும் எண்ணெய்களில் இருக்கிறது. அந்த எண்ணெய்கள் தண்ணீரில் எளிதில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். வீரியம் குறையக் குறைய நாவில் ஜின்னின் உடம்பு மெலிகிறது, எலுமிச்சைத் தோலின் மேல்மணம் சீக்கிரம் மங்குகிறது. "அந்தக் காலத்து ஜின் மாதிரி இல்லையே" என்று ஏங்குகிறவர்கள் தேடுவதில் பெரும்பங்கு இந்த இரண்டரை சதவீதம் என்பது என் உறுதியான எண்ணம். பாட்டிலின் வயது அதற்கு அடுத்த காரணம்தான்.

சரி, 70களின் பச்சை பாட்டில் எப்படி இருக்கிறது? முகர்ந்தவுடன் முதலில் வருவது ஜூனிப்பர், ஜின்னுக்கு அடிப்படை மணம் தரும் காய். ஆனால் இன்றைய பாட்டிலில் போல மூக்கைக் குத்தும் பச்சை ஜூனிப்பர் இல்லை. பிசின் கலந்த, அடங்கிய, கொஞ்சம் இருண்ட மணம். ஜூனிப்பர் எண்ணெயின் முக்கியப் பொருள் ஆல்ஃபா பைனீன். பைன் மரத்து டர்பன்டைனிலும் குந்திரிக்கத்திலும் இருப்பது அதுதான். குந்திரிக்கம் புகைத்த அறைக்குள் மறுநாள் நுழைந்தால் வரும் மணத்தை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அங்கே போய் நிற்கும். அதற்குப் பின்னால் மல்லி விதை, வெறும் சட்டியில் சூடுகாட்டியது போல வெதுவெதுப்பாக வருகிறது. எலுமிச்சை, ஆரஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் புதுத் தோலின் பளிச்சென்ற வாசனை இல்லை, உலர்ந்த தோலின் கசப்பு மட்டும் இருக்கிறது. வாயில் வைத்தால் வழவழப்பு அதிகம், எரிச்சல் குறைவு. விழுங்கிய பிறகு ஏஞ்சலிகா என்ற மணச்செடி வேரின் மண்வாசமும் துவர்ப்பும் நெடுநேரம் தங்குகிறது. இந்தப் பின்சுவைக்காகத்தான் நான் பழைய கார்டன்ஸைத் தேடுகிறேன்.

எலுமிச்சை எங்கே போனது? இதைப் புரிந்துகொண்டால் எதை வாங்குவது என்ற கேள்வியில் பாதி தீர்ந்துவிடும். பாட்டிலுக்குள் ஜின் பீப்பாயில் இருப்பது போல முதிர்வதில்லை. ஆனால் மூடிக்கும் திரவத்துக்கும் நடுவில் உள்ள காற்று சும்மா இருக்காது. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலெண்ணெயின் பெரும்பகுதி லிமோனீன். அது ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல மாறி, கார்வோன் போன்ற வேறு பொருள்கள் ஆகிறது. கார்வோனுக்குச் சீமைச் சோம்பும் புதினாவும் கலந்த வாசனை. பழைய பாட்டில்களில் சில சமயம் எதிர்பாராமல் வருகிற குளிர்ச்சியான சோம்பு மணத்துக்கு இது ஒரு காரணம். வெளிச்சம் பட்டால் இந்த மாற்றம் வேகமாகும். வேர்களின், விதைகளின் கனமான மணங்கள் அவ்வளவு சீக்கிரம் கரைவதில்லை. அதனால்தான் பழைய ஜின் எல்லாமே வேர்ப்பக்கம் சாய்ந்து சுவைக்கின்றன. 1970-ல் அந்த ஜின்னைக் குடித்தவர் இந்தச் சுவையை அறிந்திருக்க மாட்டார். அவருக்கு எலுமிச்சை இருந்தது. நாம் குடிப்பது அன்றைய ஜின்னும் அதன் மேல் ஏறிய ஐம்பது வருடமும் சேர்ந்த ஒன்று. இது ஏமாற்று இல்லை, அதுவே ஓர் அருமையான சுவைதான். ஆனால் வாங்கும்போது இது தெரிந்திருக்க வேண்டும்.

வீரியத்தால் வந்த வித்தியாசம் எது, காலத்தால் வந்தது எது என்று பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. 47.3 சதவீதத்தில் இன்றைய ஏற்றுமதி கார்டன்ஸ் கிடைத்தால், 100 மில்லிக்கு 18 மில்லி தண்ணீர் சேருங்கள். ஏறக்குறைய 40 சதவீதத்துக்கு வந்துவிடும். இன்னொரு 100 மில்லிக்கு 26 மில்லி சேர்த்தால் 37.5. முதல் கிளாஸைப் பழைய பச்சை பாட்டிலுக்குப் பக்கத்தில் வையுங்கள். செய்முறை 1769-லிருந்து மாறவில்லை என்பது நிறுவனம் சொல்வது. அதை அப்படியே ஏற்றுக்கொண்டால், இந்த இரண்டுக்கும் இடையில் மிஞ்சுவது பெரும்பாலும் காலத்தின் வேலை. இரண்டு புதிய கிளாஸ்களுக்கும் இடையில் இருப்பது வீரியத்தின் வேலை. என் நாவுக்கு, 40-க்கு இறக்கிய புதிய ஜின்னும் பழைய பாட்டிலும் அகலத்திலும் வழவழப்பிலும் ஒரே குடும்பம், எலுமிச்சையில்தான் பிரிகின்றன. 37.5 கிளாஸ் இரண்டையும் விட மெலிந்து நிற்கிறது.

ஒப்பிட்டுச் சுவைக்கும்போது எல்லாவற்றையும் ஒரே வீரியத்துக்குக் கொண்டுவருவது அவசியம். இல்லாவிட்டால் காரம் கூடியதே நல்லது என்று நாக்கு முடிவு செய்துவிடும். நான் 25 சதவீதத்துக்கு இறக்குகிறேன். 25 மில்லி ஜின் எடுத்து, அது 37.5 என்றால் 12.5 மில்லி தண்ணீர், 40 என்றால் 15 மில்லி, 47.3 என்றால் 22 மில்லி. ஐஸ் வேண்டாம், அறை வெப்பத்திலேயே இருக்கட்டும். சில ஜின்கள் தண்ணீர் பட்டதும் லேசாகக் கலங்கும். எண்ணெய் அதிகம் என்பதற்கான அடையாளம் அது, கெட்டுப்போனதற்கானது அல்ல.

இப்போது ஏற்றுமதி பாட்டில். 1960, 70களில் வெளிநாட்டுக்குப் போன கார்டன்ஸ் 47 சதவீதத்தை ஒட்டி இருந்தது. இத்தாலிக்கு நிறையப் போனதால் இன்றும் அங்கிருந்துதான் நிறைய வருகின்றன. கழுத்தில் இத்தாலிய வரிப் பட்டை ஒட்டியிருக்கும். நான்கில் எனக்கு மிகவும் பிடித்தது இது. வீரியம் கூடுதலாக இருப்பதால் கனமான மணங்கள் எல்லாம் நிமிர்ந்து நிற்கின்றன. தண்ணீர் சேர்த்தால் ஜூனிப்பர் விரிந்து எழுகிறது. 40 சதவீதப் பாட்டிலில் அடியில் மட்டும் தெரிந்த அதிமதுரம் போன்ற மெல்லிய இனிப்பு இதில் நடு நாவிலேயே தெரிகிறது. ஒரு குறை உண்டு. நிறமில்லாக் கண்ணாடி வெளிச்சத்தைத் தடுக்காது. கடை ஜன்னலில் வருடக்கணக்கில் நின்ற பாட்டில் என்றால் பச்சை பாட்டிலை விட மோசமாகப் போயிருக்கும். லேபிளின் மஞ்சள் வெளுத்திருந்தால் நான் தொடமாட்டேன்.

அதைவிடப் பழைய ஸ்பிரிங் மூடி பாட்டில்களைப் பற்றியும் பலர் கேட்பார்கள். பார்க்க அழகானவை, விலையும் ஏறிவிடும். லேபிளில் மறைந்த மன்னர் ஆறாம் ஜார்ஜின் அரச அனுமதி என்று இருந்தால் 1952-க்குப் பிந்தியது. ஆனால் அந்த மூடிகள் காற்றை எவ்வளவு தடுத்திருக்கும் என்பது ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு சூதாட்டம். சேகரிப்பவர்களுக்குச் சரி. சுவைக்க மட்டும் வாங்குகிறவருக்கு, நன்றாக மூடிய 70களின் திருகு மூடி பாட்டில்தான் நல்லது என்று நினைக்கிறேன்.

அமெரிக்கப் பாட்டில்களில் ஒரு கண்ணி இருக்கிறது. கார்டன்ஸ் 1934-லிருந்து நியூ ஜெர்சியின் லிண்டனிலும் காய்ச்சப்பட்டது. அந்தப் பாட்டில்களும் பழையவைதான், ஏலத்தில் "விண்டேஜ் கார்டன்ஸ்" என்றுதான் வரும். ஆனால் லண்டனில் வடித்ததல்ல. லேபிளின் அடியில் உள்ள சிறிய எழுத்துகளைப் பெரிதாக்கிப் படியுங்கள், லிண்டன் என்று இருக்கும். இந்த ஒப்பீட்டின் நோக்கத்துக்கு அதை நான் சேர்க்கவில்லை.

பூத்ஸ் ஃபைனஸ்ட் முற்றிலும் வேறு உலகம். பூத்ஸும் கிளார்க்கன்வெல்லைச் சேர்ந்த பழைய பெயர்தான். 1937-ல் டிஸ்டில்லர்ஸ் கம்பெனி என்ற பெரிய பிரிட்டிஷ் மதுபான நிறுவனத்துக்குள் போனது. 1922-லேயே டாங்கரே கார்டன் அதே கம்பெனிக்குள் போய்விட்டது. அறுகோண பாட்டில், உள்ளே வெளிறிய வைக்கோல் நிறம். மரப்பீப்பாயில் சிறிது காலம் வைத்திருந்ததால் வந்த நிறம் அது. ஷெர்ரி என்ற ஸ்பானிய ஒயின் இருந்த பீப்பாய் என்பார்கள். இப்போது பல சிறிய காய்ச்சுமிடங்கள் பீப்பாய் ஜின் செய்கின்றன, ஆனால் பெரும்பாலும் மரம் மேலே ஏறி உட்கார்ந்துவிடுகிறது, விஸ்கியாகவும் இல்லாமல் ஜின்னாகவும் இல்லாமல் போகிறது. பூத்ஸில் மரம் அடக்கமாக இருக்கிறது. மூக்கில் ஜூனிப்பர் முந்துகிறது. அதன் ஓரங்களை யாரோ தேய்த்து மென்மையாக்கியது போல இருக்கிறது. வாயில் பாதாம் போன்ற ஒரு கொட்டைச் சுவை, கொஞ்சம் உலர்ந்த பழம், கடைசியில் சுத்தமான வறட்சி. இனிப்பு இல்லை. முக்கியமாக, எலுமிச்சை மங்கியது இங்கே இழப்பாகவே தெரிவதில்லை. இந்த ஜின் முதலிலிருந்தே அதை நம்பி நிற்கவில்லை என்று தோன்றுகிறது. பழைய பாட்டில்களிலேயே காலத்தைச் சிறப்பாகத் தாங்கியது எது என்று கேட்டால் நான் பூத்ஸைச் சொல்வேன்.

பூத்ஸ் வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. பூத்ஸ் ஹை அண்ட் ட்ரை என்று இன்னொன்று உண்டு. அது நிறமற்ற சாதாரண ட்ரை ஜின், அமெரிக்காவில் ஏராளமாக விற்றது. கெட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் ஃபைனஸ்ட் என்று நினைத்து அதை வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஏலப் படத்தில் பாட்டிலின் பின்னால் வெள்ளைத் தாள் வைத்து எடுத்த படம் கேளுங்கள். வைக்கோல் நிறம் தெரிய வேண்டும்.

கில்பீஸ் பாட்டில்களும் விலை மலிவாக வரும். மங்கலான சொரசொரப்புக் கண்ணாடி, கையில் பிடிக்க அருமையாக இருக்கும். சுவை தட்டை. கடந்து போகலாம்.

இனி நான்காவது தேர்வு. டாங்கரே 47.3 சதவீதம், விமான நிலையங்களிலும் அமெரிக்காவிலும் எளிதாகக் கிடைப்பது. சார்லஸ் டாங்கரே 1830-ல் ப்ளூம்ஸ்பெரியில் தொடங்கியது. அதில் சேரும் மணப்பொருள்கள் நான்கே: ஜூனிப்பர், மல்லி விதை, ஏஞ்சலிகா வேர், அதிமதுரம். எலுமிச்சைத் தோல் இல்லவே இல்லை. பழைய ஜின்னில் காலம் எலுமிச்சையை எடுத்துக்கொண்டு விட்டுச்செல்வது ஏறக்குறைய இந்த நான்கைத்தான். அதனால் புதிய டாங்கரேயை 40 சதவீதத்துக்கு இறக்கி, பழைய கார்டன்ஸுக்குப் பக்கத்தில் வைத்தால் எலும்புக்கூடு ஒன்றாகவே இருக்கிறது. டாங்கரே துடிப்பாக, கூர்மையாக இருக்கிறது. கார்டன்ஸ் உருண்டையாக, பிசினோடு இருக்கிறது. பழைய பாட்டில்களின் சுவை தனக்குப் பிடிக்குமா என்றே தெரியாதவர் முதலில் இதை வாங்கிக் குடித்துப் பார்க்க வேண்டும். ஜூனிப்பரும் வேர்களும் மட்டும் கொண்ட இந்த வறண்ட சுவை பிடிக்கவில்லை என்றால், ஏலத்தில் பல மடங்கு விலை கொடுத்து வாங்கும் பாட்டிலும் பிடிக்காது.

பீஃபீட்டரை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்கலாம். இன்னும் லண்டனின் கெனிங்டனிலேயே காய்ச்சப்படும் நல்ல ஜின் அது. ஆனால் அதன் உயிரே செவில் ஆரஞ்சுத் தோலும் எலுமிச்சைத் தோலும்தான். ஒன்பது மணப்பொருள்களையும் 24 மணி நேரம் ஊறவைத்து வடிக்கிறார்கள். அப்படிப்பட்ட ஜின் பழையதானால் இழப்பதும் அதிகம். நான் சுவைத்த பழைய பீஃபீட்டர் எல்லாம் சற்றுக் காலியாகத்தான் இருந்தன. பீஃபீட்டரைப் புதிதாகவே குடியுங்கள்.

பாட்டிலா, பாரில் ஒரு பெக்கா? பாரில் குடித்தால் முழுப் பாட்டிலின் அபாயம் உங்களுக்கு இல்லை. ஆனால் அந்தப் பாட்டில் எப்போது திறக்கப்பட்டது என்று கேளுங்கள். திறந்து பல மாதங்கள் ஆன, கால்வாசிக்குக் கீழே இறங்கிய பாட்டிலிலிருந்து ஊற்றினால் நீங்கள் சுவைப்பது காற்றுப்பட்டு மங்கிய ஜின். நல்ல பார்க்காரர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். என் யோசனை: பூத்ஸை முதலில் பாரில் சுவைத்துப் பார்க்கலாம். கார்டன்ஸை நேரே பாட்டிலாகவே வாங்கலாம். அதிகம் விற்ற ஜின் என்பதால் பழைய பாட்டில்களும் நிறைய எஞ்சியிருக்கின்றன, விலையும் அளவுக்கு மீறிப் போவதில்லை.

வாங்குவதற்கு முன் காலத்தைக் கணிக்கச் சில அடையாளங்கள் போதும். பிரிட்டிஷ் லேபிளில் புரூஃப் மட்டும் இருந்து சதவீதம் இல்லையென்றால் 1980-க்கு முந்தியது என்று பெரும்பாலும் நம்பலாம். அளவு 26⅔ ஃப்ளூயிட் அவுன்ஸ் என்று இருந்தால் இன்னும் பழையது. 75 சென்டிலிட்டர் என்றால் 70 சென்டிலிட்டருக்கு மாறிய 1990களுக்கு முந்தியது. அமெரிக்கப் பாட்டிலில், அந்தப் பாட்டிலை விற்பதையும் மறுபடி பயன்படுத்துவதையும் தடைசெய்யும் கூட்டரசுச் சட்ட வாசகம் அச்சாகியிருந்தால் அது 1935-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. இவற்றைவிட முக்கியம் திரவத்தின் மட்டம். கழுத்துக்குக் கீழே தோள்வரை இறங்கியிருந்தால் மூடி கசிந்திருக்கிறது. ஆல்கஹாலும் மேல்மணமும்தான் முதலில் போயிருக்கும். எவ்வளவு அரிய பாட்டிலானாலும் அதைச் சுவைக்க வாங்காதீர்கள்.

என் தீர்ப்பு இதுதான். லண்டன் ட்ரை என்றால் என்ன என்பதை ஒரே பாட்டிலில் அறிய வேண்டுமா, மட்டம் குறையாத, லேபிள் வெளுக்காத 70களின் ஏற்றுமதி கார்டன்ஸ். அது கிடைக்காவிட்டால் பச்சை பாட்டில். ஏற்கெனவே ஜின் நன்றாகத் தெரியும், இன்று கடையில் கிடைக்காத ஒன்று வேண்டும் என்றால் பூத்ஸ் ஃபைனஸ்ட். வெறும் ஆவல்தான் என்றால் டாங்கரே 47.3 வாங்கிப் பழகுங்கள்.

வாங்கிய பிறகு எப்படிக் குடிப்பது? டானிக் ஊற்றி வீணாக்க வேண்டாம். குவினைன் கசப்பும் சர்க்கரையும் அந்த வேர்மணத்தை மூடிவிடும். முதலில் தண்ணீர் மட்டும் சேர்த்து. பிறகு மார்டினி, ஐந்து பங்கு ஜின்னுக்கு ஒரு பங்கு ட்ரை வெர்மூத் (மூலிகை மணமேற்றிய ஒயின்). வெர்மூத் அன்று திறந்ததாக இருக்கட்டும், பழைய ஜின்னுக்குப் பழைய வெர்மூத் கொடுப்பது அநியாயம். கிளாஸுக்கு மேல் புதிய எலுமிச்சைத் தோலை முறுக்கிப் பிழியுங்கள். தோலிலிருந்து தெறிக்கும் எண்ணெயில் பெரும்பகுதி லிமோனீன், ஐம்பது வருடம் பாட்டிலிலிருந்து எடுத்துக்கொண்டது அதைத்தான். அந்த ஒரு துளி சேர்ந்ததும் பழைய கார்டன்ஸின் இருண்ட அடிப்பக்கத்துக்கு மேலே வெளிச்சம் வருகிறது. 1970-ல் அதைக் குடித்தவரின் கிளாஸுக்கு நாம் போகக்கூடிய மிக அருகாமை இதுதான் என்று நம்புகிறேன். பூத்ஸுக்கு மட்டும் தோலைப் பிழிய வேண்டாம், ஒரு ஆலிவ் போதும்.

திறக்கும்போது கழுத்தில் உலோகத் தகடு சுற்றியிருந்தால் முழுவதும் உரித்தெடுத்து, ஈரத்துணியால் வாயை நன்றாகத் துடையுங்கள். பழைய தகடுகளில் ஈயம் இருந்தது. ஈயம் கலந்த கிறிஸ்டல் ஜாடிகளில் ஊற்றிச் சேமிப்பதும் வேண்டாம். முதல் நாள் குடித்தது போக மீதியை 100 மில்லி, 200 மில்லி கண்ணாடிக் குப்பிகளில் கழுத்துவரை நிரப்பி, இறுக மூடி, இருட்டான அலமாரியில் வையுங்கள். குப்பியில் காற்று எவ்வளவு குறைவோ அவ்வளவு நாள் தாங்கும். பெரிய பாட்டிலில் பாதியை விட்டுவைத்தால் சில மாதங்களிலேயே மிச்சமிருக்கும் மேல்மணமும் போய்விடும்.